ஆறாம் நம்பர் பெட்

— நாலு எடத்துல குத்திட்ட பாப்பா. கை வீங்கிப் போச்சு பாரு. மல்லிப்பூ எடுக்குற கை இது.

— மன்னிச்சிருங்க பொன்னழகு அக்கா. நரம்பு நழுவுது. இன்னும் ஒரே ஒரு தடவ.

— காச்சலுக்கு டிரிப்ஸ் ஏத்த வந்தவள இந்தப் பாடு படுத்துற. போயி பெரிய சிஸ்டர வரச் சொல்லு.

— வேணாங்கக்கா. திங்கக்கெழமதான் சேந்தேன். இன்னொரு பேஷன்ட் புகார் சொன்னா வீட்டுக்குப் போயிருன்னு காலையிலதான் சொன்னாங்க.

— அப்ப நான் மொத ஆளு இல்லையா? நல்ல கூத்தா இருக்கே. உன் பேரென்ன?

— ருக்ஸார்.

— ஏம்மா ருக்ஸாரு, நாலு வருசம் படிச்சும் இதச் சொல்லித் தரலையா?

— பொம்மைக் கையில தந்தாங்க. முன்னால படிச்சவங்க குத்திக் குத்தி அதுல ஓட்ட விழுந்திருச்சு. நாங்களும் அந்த ஓட்டையிலயே விடுவோம். நல்லாப் பண்றேன்னு மேடம் மார்க் போட்டாங்க. சொல்லவே கேவலமா இருக்குக்கா.

— பொம்ம கெடக்கட்டும். மனுசருக்குப் போட்டதே இல்லையா?

— காலேஜ் ஆஸ்பத்திரியில நோயாளியே கெடையாது. இன்ஸ்பெக்சன் அன்னைக்கு மட்டும் பூ எடுக்குற பொம்பளைங்கள வேன்ல கூட்டியாந்து பெட்டுல படுக்க வச்சாங்க. ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம்.

— எப்ப நடந்துச்சு இது?

— ரெண்டு வருசமிருக்கும். ஆடி மாசம். எனக்கு ஆறாம் நம்பர் பெட். அந்தம்மா சேலையால மொகத்த மூடிக்கிட்டு கைய மட்டும் நீட்டுச்சு. ஊசி வேணாம் பாப்பான்னு கெஞ்சுச்சு. ஊசியே இல்லாம டியூப்ப வச்சுப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். வந்தவங்க பாத்துட்டுத் தலையாட்டிட்டுப் போயிட்டாங்க.

— நீயும் சும்மா இருந்துட்டியாக்கும்.

— அந்தம்மா மேல தப்பு இல்லக்கா. எனக்கும் பயந்தான். வேணாம்னு சொன்னதும் நிம்மதியாப் போச்சு. ஆனா நோட்டுல டிரிப்ஸ் ஏத்துனேன்னு எழுதுனேன். மேடமும் கையெழுத்துப் போட்டாங்க.

— ஆறாம் நம்பர் பெட்டுன்னா சொன்ன?

— ஐயோ, ஏங்கக்கா அழுவுறீங்க? ரொம்ப வலிக்குதா? நான் பெரிய சிஸ்டரயே கூப்புடுறேன். வேல போனாப் போகுது.

— யாரையும் கூப்புடாத. செத்த நேரம் உக்காரு. பொறவு நீயே குத்து.

— இனி அந்தக் கையில குத்த எடமில்லக்கா.

— இந்தா, இந்தக் கையில குத்து. அன்னைக்கு நீ பிளாஸ்திரி ஒட்டுன கை இதுதான் தாயி.