ரூயிங்கின் முத்திரை

எனக்குச் சோளப்பொரித் தின்பண்டம் எப்போதுமே பிடிக்காது, ஐயா. பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எங்கள் ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் அதில் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். அதன் பெயருக்கே ‘சமர்த்தாயிரு’ என்றுதான் அர்த்தம். பச்சையாக இருக்க வேண்டும், தேதி முடிந்திருக்கக் கூடாது. அப்படி இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இந்த விசாரணை அறையில் நீங்கள்கூட உங்கள் கணினிமேல் ஒன்று வைத்திருக்கிறீர்கள்.

நாங்கள் செய்வது மெமரி கார்டு. கைப்பேசிக்குப் போடுகிற ரகம் இல்லை. ரயில், சுரங்கம், குளிர்கிடங்கு மாதிரி இடங்களில் கிடந்து உழைக்கிற ரகம். ஒவ்வொரு லாட்டையும், அதாவது ஒரே தடவையில் செய்த கார்டுகளை, மைனஸ் நாற்பது டிகிரிப் பெட்டிக்குள் மூன்று நாள் போட்டுவைப்போம். தேறினால், சோதித்தவர் அறிக்கையில் தன் பெயர் முத்திரையைக் குத்துவார். சோதனைப் பிரிவில் இருந்த லியாவ் ரூயிங் தன் முத்திரையை மேசை டிராயரில்தான் போட்டுவைப்பாள். பூட்ட மாட்டாள். எங்களில் யாருமே பூட்டுவதில்லை.

அந்த மார்ச்சில் அவள் பெட்டிக்குள் ஒரு லாட்டை ஏற்றிவிட்டு, கடைவாய்ப் பல் பிடுங்க லீவில் போனாள். ஒரு மணி நேரத்தில் பெட்டி படுத்துவிட்டது. நான்தான் நிறுத்தினேன். கீலூங் துறைமுகத்து மீன் கிடங்கில், விஷவாயு கசிந்தால் அலறுகிற கருவிக்கான கார்டுகள் அவை. வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். முதலாளியிடம் சொன்னேன். “ஜுவாங், நீ எப்படியாவது சமாளிச்சுடுவே,” என்றார். நான் என்ன செய்ய முடியும்? பழைய அறிக்கையில் தேதியை மாற்றி அச்சடித்தேன். டிராயரைத் திறந்தேன்.

ஆகஸ்டில் கிடங்கில் அமோனியா கசிந்தது. குளிரில் கார்டு செத்துப்போயிருந்ததால் கருவி அலறவில்லை. உள்ளே மீன் அடுக்கிக்கொண்டிருந்த ஆறு பேர் வெளியே வரவில்லை. அறிக்கையைத் தேடி எடுத்தார்கள், அதில் இருந்தது ரூயிங்கின் முத்திரை.

“ஜுவாங் அண்ணே, அந்த அறிக்கைக்கு நான் குத்துனதா ஞாபகமே இல்லையே,” என்றாள் ரூயிங்.

“லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை முகம் வீங்கி, மாத்திரை மயக்கத்துல வந்தே. ஒரு கட்டுக் காகிதத்துக்குக் குத்துனே. அதுல இதுவும் ஒண்ணு.”

“இல்லண்ணே. அளவைப் பாக்காம நான் குத்தவே மாட்டேன். உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். அதனால்தான் குளிர்ப்பெட்டியின் தலையில் இருந்த பச்சைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். பெட்டி பழுதான அன்றே அதை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தேன், ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. பொட்டலம் மாற்றுவது அவள் பொறுப்பு. பிப்ரவரியோடு தேதி முடிந்திருந்தது. பெட்டி நடுவில் நின்றுபோனதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

“ஐயோ, இதை மாத்தாம விட்டுட்டேனா? பெட்டி கெட்டதே என்னாலயா?” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதை மறந்தவளுக்குத் தன்மேல் வேறு என்ன நம்பிக்கை மிஞ்சும்? ஒரே வாரத்தில், நான் சொன்னதை எல்லாம் தனக்கு ஞாபகம் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தாள். நீதிமன்றத்தில், முத்திரை குத்தும்போது மை கொஞ்சம் தீற்றிவிட்டது என்றுகூடச் சொன்னாள். பாவமாக இருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருடம் உள்ளே இருந்தாள். மாதாமாதம் பார்க்கப் போனேன். வெளியே வந்ததிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் இறந்தவர்களின் வீட்டு வாசலில் போய் மண்டியிடுகிறாள். “நான்தான் செஞ்சேன், மன்னிச்சிடுங்க,” என்கிறாள். ஒரு வீட்டில் இன்னமும் அவள்மேல் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அன்றைக்கு ஒரு துண்டு கொண்டுபோவேன்.

குளிர்ப்பெட்டிக்குள்ளிருந்து நீங்கள் கழற்றிய பதிவு கார்டு எங்கள் சரக்குதான், ஐயா. அது அழியாது. பெட்டி அந்த மூன்று நாளில் ஒரு மணி நேரம்தான் ஓடியது என்பதும், நிறுத்தியவனின் பணியாளர் எண் என் எண் என்பதும் அதில் இருக்கும். மறுக்கவில்லை. அறிக்கை நான். முத்திரை நான். ரூயிங்கின் ஞாபகமும் நான்தான்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆறு வீட்டுக்கும் ஒரு வருடம்கூட அவளை நான் தனியாகப் போக விட்டதில்லை.