அண்ணாச்சி போன வாசல்

சீனி போட்ட காப்பி எனக்கு ஒத்துக்கொள்ளாது. கருப்பட்டிக் காப்பி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் வெந்நீர் போதும். ரைட்டர் அவசரப்பட வேண்டாம். மேடையில் பேசிப் பழகியவன் நான். எழுதுகிற கைக்குத் தோதாக நிறுத்திச் சொல்வேன்.

பெயர் வள்ளிநாயகம். தேரூர் பக்கம். கொஞ்சம் வயல் உண்டு, அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். நீங்கள் மதுரைக்காரர் என்று பேச்சிலேயே தெரிகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இந்தத் தாலுகாக்கள் போன மாதம்தான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. அதற்கு முன்னால் திருவிதாங்கூர்–கொச்சியில் கிடந்தோம். தமிழ் பேசுகிறவர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் ஜனங்கள் நீலகண்டன் அண்ணாச்சியை டில்லிக்கு அனுப்பினார்கள். அவர் பார்லிமெண்டில் என்ன பேசினார், எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிவந்தவன் நான். யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது. பேப்பர் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அவர் பேச்சு போய்ச் சேர வேண்டும் இல்லையா.

அங்கே ஓட்டெடுப்பு எப்படி என்று ஜனங்களுக்கு நான் நடந்தே காட்டுவேன். மணி அடிப்பார்கள். தீர்மானத்துக்குச் சம்மதம் என்றால் வலப்பக்க வாசல், சம்மதமில்லை என்றால் இடப்பக்க வாசல். அந்தந்த வாசலில் ஆள் நின்று எண்ணுவார்கள். கருங்கல் சந்தையில் இரண்டு வாழைக்குலைகளை வாசலாக வைத்து நான் நடந்து காட்டினால் கிழவிகள்கூடச் சிரிப்பார்கள்.

கொல்லம் ஆண்டு 1129 பங்குனியில், அதாவது 1954-இல், நம் தாலுகாக்களைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு தீர்மானம் வந்தது. தோற்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அண்ணாச்சி எந்த வாசல் வழியாகப் போவார் என்று இங்கே ஊரே காத்திருந்தது. நான் ஒவ்வொரு ஊராகப் போய், அண்ணாச்சி முதல் ஆளாக வலப்பக்க வாசல் வழியாகப் போனார் என்று சொன்னேன். புதுக்கடையில் பெண்கள் குரவையிட்டார்கள். யாரும் எனக்குத் தகவல் அனுப்பியிருக்கவில்லை. அவர் செய்யக்கூடியதைத்தான் சொன்னேன். அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஆனி மாதம் அண்ணாச்சி ஊருக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வள்ளிநாயகம், நான் ரெண்டு வாசல் வழியாவும் போகல்ல வேய். மந்திரி ஒருத்தரு தேயிலை குடிக்கக் கூப்பிட்டாரு. இந்த ஒரு தடவை ஒதுங்கி நின்னா, பேச்சிப்பாறை அணைத் தண்ணியைக் கருங்கல் பக்கத்துக் காய்ஞ்ச நிலத்துக்குக் கொண்டுபோவ வழி செய்யலாம்னாரு. மணி அடிச்சு ஓயுதது வரை அங்கதான் இருந்தேன். தண்ணியும் வரல்ல."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"கூட்டத்துல உள்ளதைச் சொல்லிருதேன். ஏசுவாவ. கேட்டுக்கிடுதேன்."

"சொல்லப்பிடாது அண்ணாச்சி. ஜனங்க தாங்க மாட்டாவ" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் பக்கத்தில் ஒருவர் இருந்து உறுதி சொல்லாவிட்டால் தடுமாறிவிடுவார்.

இஸ்ரவேலைப் பற்றிக் கேட்டீர்கள். கருங்கல்லில் வாழைக்குலை வியாபாரம். ஆலயத்தில் பாட்டுப் பாடுகிறவர். நல்ல குரல். டில்லிக்கு மகஜர் கொண்டுபோன கூட்டத்தில் அவரும் ஒருவர். தீர்மானம் வந்த நாளில் மேலே பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கருங்கல் சந்தையில் அண்ணாச்சி பேசவிருந்த கூட்டத்துக்கு முந்தின நாள் என் வீடு தேடி வந்து, உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"பிள்ளைவாள், எனக்க கண்ணால கண்டேன். மணி அடிச்சப்ப அண்ணாச்சிக்க இடம் ஒழிஞ்சு கெடந்து. நீங்க வேற மாதிரி சொல்லிட்டு வாறிய. நாளைக்கி நான் அவருகிட்டயே ஒண்ணு கேக்கணும்."

"ஏசப் போறீரா?"

"ஏசதுக்கு இல்ல. கேக்கதுக்கு. அவரு என்ன சொன்னாலும் எனக்க ஓட்டு அவருக்குத்தான்."

அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். நல்ல மாதிரியாகத்தான் பிரிந்தோம்.

மறுநாள் சந்தையில் கூட்டத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். போலீஸ் ஒரு பக்கம் வரிசையாக நின்றது. இருந்தாலும் ஜனங்கள் வந்துவிட்டார்கள். நான் கொடி பிடித்திருந்தேன். ஈரத்தரையில் ஊன்றுவதற்காகக் கம்பின் அடியில் இரும்புப் பூண் போட்டிருந்தது. போலீஸ்காரர்களின் லத்தியிலும் அதே மாதிரி பூண்தான். அண்ணாச்சி பேச எழுந்ததும் இஸ்ரவேலும் எழுந்தார்.

"அண்ணாச்சி, அண்ணைக்கி எந்த வாசல் வழியாட்டு போனிய?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு ஜனங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் போலீஸ் வரிசையில் ஒரு கல் போய் விழுந்து ஒரு தொப்பியைத் தட்டிவிட்டது. அதை எறிந்தவன் நான்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் ரிக்கார்டில் இருக்கும். விசில் ஊதினார்கள், அடித்தார்கள். மீன் விற்கிற ஒரு பெண்ணின் முழங்கை என் கண் முன்னால் பின்பக்கமாக மடங்கியது. ஒருவன் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு லத்தி என் தலைக்கு நேராக இறங்கியபோது இஸ்ரவேல் குறுக்கே வந்து தோளில் வாங்கிக்கொண்டார். என் கையைப் பிடித்து இழுத்து, கொப்பரைக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குக் கொண்டுபோனார். அங்கே யாரும் இல்லை.

"பிள்ளைவாள் இங்கன நில்லுங்க. நான் வெளிய பாக்கேன்" என்று சொல்லித் திரும்பினார்.

கொடியைக் கழற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதில் ரத்தம் படக்கூடாது. பிறகு பூண் போட்ட முனையால் பின்மண்டையில் அடித்தேன். ஒரே அடியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவர் மண்டியிட்டு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். யார் அடித்தார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. "ஓடுங்க, பின்னால போலீசு" என்றார். அவர் கை தளர்கிறவரை அடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் "வெள்ளம்" என்றார். இந்தப் பக்கத்தில் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்திலேயே கிணறு இருந்தது. கம்பைக் கழுவுவதற்கு அது உதவியது.

கழுவிக்கொண்டிருக்கும்போது குமாரதாஸ் என்ற கான்ஸ்டபிள் சந்துக்குள் வந்தான். உள்ளூர்ப் பையன், மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. "அண்ணே, கம்பை எதுக்குக் கழுவுதிய?" என்றான். அதற்குள் தரையில் கிடந்தவரைப் பார்த்துவிட்டான். அவன் போய்த் தன் அதிகாரிகளிடம் என்ன சொன்னாலும், இஸ்ரவேலை அடித்தது போலீஸ் என்று ஊர் அப்போதே முடிவு கட்டியிருந்தது. ஆனாலும் ஒரு வாய் திறந்து கிடப்பது நல்லதில்லை. இஸ்ரவேலை அடக்கம் செய்துவிட்டு ஜனங்கள் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது அவன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். நான் கை நீட்டி, "அந்தப் பயதான்" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவனைப் பக்கத்துக் குளத்துக்குள் தள்ளி, கரை ஏற விடாமல் நாலா பக்கமும் நின்று கல்லால் எறிந்தார்கள். அவன் கும்பிட்டபடி என் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவர்களுக்கு அது காதில் விழவில்லை. இரண்டு சாவுக்கும் நான்தான் பொறுப்பு என்று எழுதிக்கொள்ளலாம். நான் மறுக்கவில்லை.

இஸ்ரவேலின் மனைவி ராகேல் அழவில்லை. அது எனக்குக் கவலையாக இருந்தது. அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "சாவும்போ நான் பக்கத்துல இருந்தேன் ராகேல். 'தெத்தாட்டு சொல்லிட்டேன், அண்ணாச்சி வலது வாசல் வழியாத்தான் போனாரு'ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினாரு" என்றேன். தெத்து என்றால் இங்கே தப்பு. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரு கண்டதைக் கண்டேன்னுதான் சொல்லுவாரு அண்ணே" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு வருஷமும் மாதம் தவறாமல் போய் அவள் வீட்டுக் கூரை, வேலி, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் விசாரித்துவந்தேன். இஸ்ரவேலின் பெயரை நான் சொல்லாத மேடை இல்லை. அவர் ரத்தத்தின் பெயரால் அண்ணாச்சி பார்லிமெண்டில் பேசியபோது சபையே எழுந்து நின்றதாகக் கேள்விப்பட்டேன். இந்த வருஷம் ராஜ்யங்களைப் பிரிக்கிற மசோதா வந்தபோது அண்ணாச்சி சரியான வாசல் வழியாகத்தான் போனார். தாலுகாக்கள் வந்து சேர்ந்தன. எது வீண் போயிற்று என்று நீங்களே சொல்லுங்கள்.

நேற்று கருங்கல்லில் நன்றி சொல்லும் கூட்டம். மாலையெல்லாம் விழுந்து முடிந்தபின் அண்ணாச்சி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, அன்று வெளியே போய் உட்கார்ந்திருந்ததைச் சொல்லிவிட்டார். மந்திரி, தேயிலை, தண்ணீர், எல்லாவற்றையும். அழுதார். நான் மேடையிலிருந்து ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பு வரும் என்று எதிர்பார்த்தேன்.

முன்வரிசையில் ஒரு கிழவி எழுந்து, "போவட்டு மக்கா. இப்பம் கெடச்சாச்சுல்லா. அழாதீரும்" என்றாள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு சீக்கிரமாக.

கைதட்டல் ஓய்ந்ததும் ராகேல் எழுந்தாள். அவள் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு சொன்னது உள்ளதுதானே. அப்பம் சாவும்போ ஒங்ககிட்ட தெத்துன்னு சொன்னாருன்னு எதுக்குக் கள்ளம் சொன்னிய, அண்ணே?"

எத்தனையோ மேடையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்தபோது அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. மேடையின் பின்பக்கமாக இறங்கி, நேராக இங்கே நடந்து வந்தேன். யாரும் என்னைப் பிடித்துக் கொண்டுவரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. இவ்வளவு பெரிய விஷயத்தை ஜனங்களிடம் சொல்லப்போகிறோம் என்று அண்ணாச்சி என்னிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் தடுத்திருக்கவா போகிறேன்?