மூடிய பல்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பேருந்து அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது. இறங்கி நடந்துவிடலாமா என்று நான் எரிச்சலோடு யோசித்துக்கொண்டிருந்தபோது, பின் இருக்கையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

“கேப் போட்ட பல்ல நான் வெளக்கறதே இல்ல மாமு. அதான் மூடிட்டாங்களே, உள்ள இன்னா போவும்?”

“கப்பலுக்கு பெயிண்ட் அடிக்கிறவன் பேசற பேச்சா இது? அடிச்ச தகடு எங்க துருப்புடிக்கும்?”

“ஓரத்துல.”

“இதுவும் அப்டித்தான். கேப்புக்கு ஒண்ணும் ஆவாது. ஈறு ஓரமா அழுக்கு தங்குச்சின்னா உள்ள கீற பல்லு சொத்தையாயிடும். அங்கதான் நல்லா தேய்க்கணும்.”

“சொத்தையானா வலிக்குமே. எனக்கு நாலு வருசமா வலியே இல்ல.”

“எப்டி வலிக்கும்? கேப் போடறதுக்கு முன்னாடியே நரம்ப எடுத்துட்டாங்கன்னு நீதான சொன்ன?”

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அவர் எழுந்து, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்.

“டேய், எங்க எறங்குற? வூடு இன்னும் தூரம் கீது.”

“டாக்டராண்ட போறேன். ஆறு மாசத்துக்கு ஒருதபா வந்து காட்டுன்னாரு. வலிச்சா போய்க்கலாம்னு நாலு வருசமா வெய்ட் பண்ணிகினு கீறேன் மாமு!”