ஒரு மூடி பிளீச்சும் ஒரே ஒரு செபமும்

...ஒண்ணே ஒண்ணுக்கா! ஒரே ஒரு செபம்! எனக்கு வந்துச்சே ஒரு கோவம்... ஆ, ஆ, பேசாதீங்க, பேசக் கூடாது. மொகத்துல பேக் காயும்போது வாய அசைச்சீங்கன்னா பாளம் பாளமா வெடிச்சிரும். அப்புறம் "பார்லர்காரி மொகத்தக் கெடுத்துட்டா"ன்னு எனக்குத்தான் கெட்ட பேரு. கண்ணையும் தெறக்காதீங்க, வெள்ளரிக்கா நழுவிரும். நீங்க பாட்டுக்கு சாஞ்சு இருங்க. நான் பாட்டுக்குப் பேசுறேன்.

எங்க விட்டேன்? ஆங், ஃபாதர். நம்ம கோயிலுக்குப் புதுசா வந்திருக்காரே, அவருதான். நேத்து, செஞ்ச பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்கலாம்னு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில எனக்கு முன்னாடி யாருன்னு நெனைக்கிறீங்க? கார் ஓட்டக் கத்துக் குடுக்குறாரே, அந்த அண்ணன். உள்ள போனாரு, போனாரு, போனவரு வெளிய வர்ற வழியக் காணோம். அவருக்கு அப்படி என்னக்கா பாவம்? "கிளட்ச்ச விடு, கிளட்ச்ச விடு"ன்னு ஊரக் கூட்டுறதெல்லாம் ஒரு பாவமா? ஆனா வெளிய வந்தாரு பாருங்க... மொகம் அப்படியே பளிச்சுன்னு! நான் நாள் பூரா தேய்ச்சு விட்டாலும் அந்த மினுமினுப்பு வராது. எனக்குத் தொழில்ல போட்டியே இந்த ஃபாதர்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆனா எனக்குப் பரிகாரமா என்ன குடுத்தாரு? ஒரு செபம்! பழைய ஃபாதர் இருந்தாரே, அவருகிட்ட போனா ஒரு நெறவு இருக்கும். வீட்டுக்காரர வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன் ஃபாதர்னு சொன்னாப் போதும், முழுசா ஒரு செபமால சொல்லச் சொல்லுவாரு. மொழங்கால் ரெண்டும் செவந்து போயிரும். எந்திரிச்சு வரும்போது, அடேங்கப்பா, நம்ம பாவத்துக்கும் ஊருல ஒரு மரியாத இருக்குன்னு தோணும். இவரு என்னடான்னா, நான் தூக்கமில்லாம சொமந்துக்கிட்டுப் போன பாவத்த சளி மருந்து எழுதிக் குடுக்குற மாதிரி... சே!

என்ன பாவம்னு கேக்குறீங்களா? கேக்கலையா? புருவம் தூக்குதே! தூக்காதீங்க, அங்கதான் மொதல்ல வெடிக்கும். சொல்றேங்க்கா. சொல்லித்தான் ஆகணும். சாயந்தரம் கோயில் பீடத்துக்குப் பூ வைக்கப் போறதுக்குள்ள உங்ககிட்ட சொல்லியாகணும். உங்களப் பத்தினதுதான். பின்ன? நானே போன் போட்டு "வாங்கக்கா, சும்மா ஒரு பேக் போட்டு விடுறேன்"னு கூப்பிட்டது உங்க மொகத்துல என்ன கொறன்னு நெனச்சீங்க? வாயத் தெறக்க முடியாத ஆளா இருந்தாத்தான் எனக்குச் சொல்ல வரும். அதான்.

இருங்க, கழுத்துல கொஞ்சம் விட்டுப் போச்சு... ம், ஆச்சு.

நீங்களே நெனச்சுப் பாருங்க. பீடத்துக்கு ரெண்டு ஜாடி. எடது பக்கம் உங்களது, வலது பக்கம் என்னது. ஒரே கடப் பூ, ஒரே கொழாத் தண்ணி. ஆனா ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வெளிய வர்ற சனம் என்ன பேசும்? "எடது பக்கம் பாத்தியா, என்ன அழகு!" இத்தன வருசத்துல என்னோடதப் பத்தி ஒருத்தர், ஒரே ஒருத்தர், வாயத் தெறந்து சொன்னாரு: "வலது பக்கமும் பூ இருந்துச்சு"ன்னு. அதுவும் உங்க வீட்டுக்காரர். நல்ல மனுசன், பாவம், என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாரு. அதக் கேட்டுத்தான் ரொம்ப நொந்துச்சு.

என் பூவுக்கு பிரசங்கம் ஆரம்பிச்சதுமே தல தொங்கிரும். பாதி சனத்துக்கும் அப்படித்தான், அது வேற விசயம்.

அதனால... ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சனிக்கெழம... நீங்க பூ வச்சிட்டுக் கெளம்பிட்டீங்க. கோயில்ல நான் மட்டும். தொடப்பம், வாளியெல்லாம் வைக்கிற அறையில தர கழுவுற பிளீச் இருந்துச்சு. நான் எடுக்கணும்னு போகலக்கா, கை போச்சு. கை போனா பின்னாடியே நானும் போய்த்தானே ஆகணும்? ஒரு மூடி. ஒரே ஒரு மூடிதான்... உங்க ஜாடியில ஊத்திட்டேன்.

...

வெடிச்சிருச்சு பாருங்க, நெத்தியில! அசையாதீங்கன்னு சொன்னேன்ல? இருங்க, தண்ணி தொட்டுத் தடவி விடுறேன். பயப்படாதீங்க, இதுல பிளீச் இல்ல. வெறும் களிமண்ணுதான். சத்தியமா!

சரி, காலையில உங்க பூவெல்லாம் வாடித் தொங்கும், சனம் எல்லாம் வலது பக்கம் திரும்பிப் பாக்கும்னு நானும் புதுச் சேல கட்டிக்கிட்டு வந்து மொத பெஞ்சுல ஒக்காந்தேன். பாத்தா... என் பூ வழக்கம் போல மயக்கம் போட்டுக் கெடக்கு. உங்க பூ பட்டாளத்துக்காரன் மாதிரி நிக்குது! ஞாயித்துக்கெழம மட்டுமா? திங்கள் நிக்குது, செவ்வா நிக்குது, அடுத்த சனிக்கெழம வரைக்கும் நின்னு என்னயவே பாக்குது! அப்புறம்தான் பூக்கடக்காரர் சொல்றாரு, அந்த எழவு பிளீச்சு கொஞ்சூண்டு விழுந்தா தண்ணி அழுகாதாம், பூவு கூடுதலா நிக்குமாம். கெடுதல் பண்ணக்கூட எனக்குத் துப்பில்லக்கா! உருப்படியா ஒரு பாவம் பண்ணத் தெரியுதா எனக்கு?

அதோட முடிஞ்சிருந்தா நானும் வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன். நீங்க விட்டீங்களா? போன ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல அத்தன பேரையும் நிறுத்தி வச்சு, "அன்னிக்கு மழைக்குக் கொண்டாந்து மறந்துபோன கொடைய எடுக்கத் திரும்பி வந்தேன், இவ என் ஜாடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா. தன்னோடத விட்டுட்டு என்னோடதப் பாத்திருக்கா. எல்லாம் இவ கைராசி"ன்னு! கைராசி! அதுக்கு மேல ஒண்ணு சொன்னீங்களே, "இனிமே ரெண்டு ஜாடியும் இவளே வைக்கட்டும்"னு. எல்லாரும் கை தட்டுறாங்க. நான் சிரிக்கிறேன். தாட கழண்டு விழுற மாதிரி சிரிக்கிறேன். இத்தன வருசம் நான் ஆசப்பட்ட எடம்க்கா அது. நீங்க தூக்கி மடியில வச்சிட்டீங்க. இன்னிக்கு சாயந்தரம் அந்த எடத்துல நான் எப்படிப் போய் நிக்கிறது?

அதான் ஃபாதர்கிட்ட போனேன். நேரா சொல்லுவேனா நான்? முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு பாவத்த வச்சு, நடுவுல இத சொருகிட்டேன். வீட்டுக்காரரத் திட்டினேன், முடி கொட்டுற அம்மாகிட்ட கொட்டவே இல்லன்னு சொன்னேன், பக்கத்து ஜாடியில பிளீச் ஊத்தினேன், செபத்துல கொட்டாவி விட்டேன், மறுபடியும் வீட்டுக்காரரத் திட்டினேன்... கடகடன்னு! அந்த மனுசன் மெதுவா, "அந்த நடுவுல உள்ளத இன்னொரு தடவ சொல்லுங்கம்மா"ங்கிறாரு. முழுசாச் சொன்னேன். "பூ என்ன ஆச்சு?"ன்னாரு. "நல்லா நின்னுச்சு ஃபாதர், அதான் தாங்க முடியல"ன்னேன். உள்ள ஒரே இருமல். இருமலா என்னன்னு எனக்குத் தெரியாதா?

அப்புறம்தான் அந்த ஒரு செபம். அந்த அக்காவுக்காக ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்லுங்க, உங்களுக்குச் சேராத அந்தப் பேர உண்மையச் சொல்லி அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருங்க, போயிட்டு வாங்கன்னுட்டாரு. நான் எந்திரிக்கல. "இன்னும் கொஞ்சம் குடுங்க ஃபாதர், இது பத்தாது"ன்னேன். "பத்தாதுதாம்மா. நீங்க எவ்வளவு சொன்னாலும் பத்தாது. அதனாலதானே ஆண்டவரே மன்னிப்பச் சும்மா குடுத்துட்டாரு? பின்னாடி ஆளு நிக்குறாங்க, வாங்கிக்கிட்டுக் கெளம்புங்க"ன்னாரு. ஓசியில வாங்க நான் என்ன பிச்சையா கேட்டேன்?

ஒரு செபம்தானேன்னு நீங்க நெனைப்பீங்க. வர மாட்டேங்குதுக்கா! பாத்திரம் கழுவும்போது ஆரம்பிச்சேன், "ஆண்டவரே, இந்த அக்காவுக்காக..." அங்கயே நிறுத்திட்டுக் கழுவுன பாத்திரத்தையே மறுபடியும் கழுவுனேன். செபமாலையா இருந்தா நேத்தே முடிச்சிருப்பேன்! இனிமே நீங்க என்கூடப் பேசலன்னா சாயந்தரம் யாரோட கோயிலுக்குப் போவேன், யாரப் பாத்து வயிறெரிவேன்... அக்கா? தோளு ஏன் குலுங்குது? அழுவுறீங்களா? ஐயோ, அழாதீங்கக்கா, நான் ஒரு பாவி, சண்டாளி, இருங்க வெள்ளரிக்காய எடுக்குறேன்...

சிரிக்கிறீங்களா!

பாருங்க, மொத்தமும் வெடிச்சு மடியில கொட்டுது! நான் கண்ணுல தண்ணியோட சொல்றேன், நீங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறீங்க! திட்டுங்கக்கா! ஃபாதர்தான் ஏமாத்திட்டாரு, நீங்களாவது ரெண்டு வார்த்த நல்லாத் திட்டுங்க... என்னது? எத்தன மூடியா? ஒரு மூடின்னு சொன்னேன்ல, இன்னிக்கும் ஊத்தணுமா? எந்த ஜாடியில? ரெண்டுலயுமா? அடப்பாவமே... ஆண்டவரே, இந்த அக்காவுக்காக உமக்குக் கோடி நன்றி... ஐயோ! வந்துருச்சு! அக்கா, முழுசா வந்துருச்சு!

சரி, மொகத்தக் கழுவுங்க, நேரமாச்சு. ரெண்டு பேருமே போயி வைப்போம். நீங்க எடது, நான்... என்ன? நான் எடதா? அப்ப நீங்க வலதுக்கா போறீங்க? வேணாம்க்கா, அதெல்லாம்... கையப் புடிச்சு இழுக்காதீங்க! நான் எதுக்கு நாற்காலியில? எனக்கெல்லாம் இது எதுக்கு, நான் போட்டு விடுற ஆளு... கிண்ணத்த ஏன் எடுக்குறீங்க? ஆ... குளுகுளுன்னு இருக்கே! இத்தன வருசமா அடுத்தவங்களுக்குப் போடுறேன், இது இப்படித்தான் இருக்கும்னு எனக்கே... அக்கா, ஒரே ஒரு விசயம், அன்னிக்கு கொடைய எடுக்க வந்தீங்களே, நான் ஊத்துனது தண்ணி இல்லன்னு உங்களுக்கு அப்பவே... பேசக் கூடாதா?

சரி.

சரிக்கா, மூடிட்டேன்.

ம்ம்.