நில்லு என்று கத்தினேன்

காலை ஏழு இருபது. ஜன்னல் அதிர்கிறது. தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். அதன் பிறகு அடி. மூன்றாவது மாடி ஆடுகிறது. கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டுகிறது. மின்சாரம் நேற்றே போய்விட்டது. நான் முழங்காலில் விழுகிறேன். நெற்றி தரையில் முட்டுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் டிகிஸ்ட் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்துக் கத்துகிறேன்.

"முழங்கால்ல நில்லு! முழங்கால்ல நில்லு!"

அவள் எழுந்து நிற்கிறாள்.

2023 ஏப்ரல் 16. ஞாயிற்றுக்கிழமை. சூடானின் கார்ட்டூம் நகரம். விமான நிலையத்துக்கு அருகில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஊழியர் குடியிருப்பு. சண்டை தொடங்கி இரண்டாம் நாள். என் பெயர் எஸ்தர். பெங்களூரு ஆஸ்டின் டவுன். இந்த மருத்துவமனையில் நர்ஸ் வேலை. டிகிஸ்ட் எத்தியோப்பியாக்காரி. அதே மருத்துவமனையில் துப்புரவு வேலை. ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தோம். நான் பிழைத்தேன். அதனால் எழுதுகிறேன். இதை மறக்கிற வேலையை என் சொந்தச் சபையே தொடங்கிவிட்டது. அதனாலும் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபையில் யாரும் மண்டியிடுவதில்லை. முழங்காலில் நிற்போம். அப்படித்தான் சொல்வோம். "எல்லாரும் முழங்காலில் நிற்போம்" என்று பாஸ்டர் சொன்னால் இருநூறு பேர் மடங்கி உட்காருவோம். அது சபைத் தமிழ். வெளியே யாருக்கும் புரியாது. "முட்டி போடு" என்று கத்தியிருக்கலாம். "படு" என்று கத்தியிருக்கலாம். அந்த நிமிடத்தில் என் வாயில் வந்தது சிறுவயதிலிருந்து ஞாயிறுதோறும் காதில் விழுந்த சொல்தான்.

டிகிஸ்டுக்குத் தமிழ் நாலு சொல் தெரியும். வா. சாப்பிடு. அய்யோ. நில்லு. மற்றபடி நாங்கள் உடைந்த அரபியிலும் உடைந்த இங்கிலீஷிலும் பேசிக்கொள்வோம். டியூட்டி முடிந்து அவள் வேகமாக நடந்து போவாள். நான் பின்னால் ஓடிக்கொண்டே "நில்லு, நானும் வரேன்" என்பேன். அவள் நிற்பாள். சிரிப்பாள். இரண்டு வருடமாக அந்தச் சொல்லுக்கு அவள் ஒருநாளும் நிற்காமல் இருந்ததில்லை.

அன்றைக்கும் நின்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் சபையில் நின்றுதான் ஜெபம் செய்வார்கள். மணிக்கணக்காக நிற்பார்கள். தினமும் காலையில் வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து நின்று, "எக்சியோ, எக்சியோ" என்பாள். கர்த்தாவே என்று அர்த்தம். நான் கட்டிலருகில் முழங்காலில் இருப்பேன். ஒருத்தி நின்றுகொண்டு, ஒருத்தி மடங்கிக்கொண்டு. ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வோம். என் முட்டி தேய்ந்துவிடும் என்பாள். உன் கால் வீங்கிவிடும் என்பேன். ஆகவே அவள் நான் கத்தியதால் எழுந்தாளா, ஜெபிக்க எழுந்தாளா, எனக்குத் தெரியாது. சாகும்வரை தெரியப்போவதில்லை.

ஏழு இருபத்தொன்று. ஜன்னல் உள்ளே வருகிறது. தொடர்ந்து ஒரு தட்டல். ஏழெட்டு குண்டு இருக்கும். எதிர்ச் சுவரில் ஓட்டைகள், எல்லாம் என் தலைக்கு மூன்றடி மேலே. டிகிஸ்ட் அடுப்பு மேடையில் சாய்ந்து கீழே சரிகிறாள். கழுத்தின் இடது பக்கம். நான் நர்ஸ். எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழுத்தினேன். இரண்டு துண்டு நனைந்தது. "யாராவது வாங்க! யாராவது வாங்க!" கத்தினேன். அதையும் தமிழில்தான் கத்தினேன். பதினொரு நிமிடம். அவள் பெயருக்கு அவள் மொழியில் பொறுமை என்று அர்த்தம். பொறுமையாகத்தான் போனாள்.

அன்று டிகிஸ்டின் சபைக்கு உயிர்த்தெழுந்த ஞாயிறு, ஈஸ்டர். எங்களுக்கு முந்தின வாரமே முடிந்துவிட்டது. அவர்கள் கணக்கு வேறு. ஐம்பத்தைந்து நாள் உபவாசம். கறி இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. மருத்துவமனையின் பதினாலு கழிவறைகளைக் கழுவிக்கொண்டே உபவாசம். கடைசி நாளுக்கென்று ஒரு கோழி வாங்கி வைத்திருந்தாள். கரண்ட் போனதால் கெட்டுவிடும் என்று விடிந்ததும் அடுப்பில் ஏற்றினாள். வெங்காயத்தைப் போட்டதும் ஜெபித்துவிட்டுச் சாப்பிடலாம் என்றாள். அந்தக் கோழி கொதித்துக்கொண்டே இருந்தது. குண்டு அதன் மேல் படவில்லை. அடுப்பை அணைத்தது நான்தான். மறுநாள் மத்தியானம் வரை அதைச் சாப்பிட்டதும் நான்தான். வேறு ஒன்றும் இல்லை. பசித்தது. சாப்பிட்டேன்.

நாலு பேர் சேர்ந்து மருத்துவமனையின் பின்பக்கத் தோட்டத்தில் புதைத்தோம். சத்தம் நின்ற ஒரு நாற்பது நிமிடத்தில். அவள் துப்பட்டாவையே சுற்றினோம். பாதிரியார் இல்லை. ஜெபம் சொல்ல என்னைப் பார்த்தார்கள். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைத் தமிழில் தொடங்கினேன். மன்னிப்பு கேட்கிற இடம் வந்தது. அதற்கு மேல் போகவில்லை. மண்ணைத் தள்ளினோம்.

பத்து நாள் கழித்து பஸ். பிறகு கப்பல். பிறகு விமானம். பெங்களூரில் இறங்கியதும் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லை என்று தனியாகப் பிடித்து வைத்தார்கள். சான்றிதழ் அந்த அறையில் இருந்தது. அறையில் வேறு என்ன இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வீடு. அண்ணி கிரேஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் சபை நம்பிக்கைப்படி அண்ணி மெழுகுவத்தி ஏற்றக் கூடாது. நான் அங்கே மாட்டிக்கொண்டிருந்தபோது வியாழக்கிழமை கத்தோலிக்கர்களின் விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போய் ஏற்றியிருக்கிறாள். "பாஸ்டருக்குத் தெரிஞ்சா பேஜார் பண்ணுவாரு, சொல்லிடாத" என்றாள். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தேன்.

பாஸ்டரைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. என்னைத் தனியாக வைத்திருந்த நாட்களில் தினமும் வாசல்வரை சாப்பாடு கொண்டுவந்தவர். அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். கெட்டவராக இருந்திருந்தால் போடா என்று விட்டிருப்பேன்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எங்கள் சபையில் சாட்சி என்றால் கர்த்தர் எனக்குச் செய்த நன்மையை மேடையில் சொல்வது. வியாதி சுகமானது, வேலை கிடைத்தது, விபத்தில் தப்பியது. அதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. கஷ்டம் வந்தது, ஜெபித்தேன், கர்த்தர் காத்தார், ஸ்தோத்திரம். நடந்ததை எல்லாம் அவரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். கத்தியதை மட்டும் சொல்லவில்லை. கேட்டுக் கண் கலங்கினார். பிறகு சொன்னார்.

"சிஸ்டர், அஞ்சே நிமிஷம். கூட இருந்தவங்க கதை வேணாம், ஜனங்க கலங்கிடுவாங்க. கர்த்தர் உங்களுக்கு செஞ்சத மட்டும் சொல்லி ஸ்தோத்திரத்தோட முடிச்சிடுங்க."

முடித்தேன். அப்படியே முடித்தேன். அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை. டிகிஸ்ட் என்ற பெயரை என் வாய் சொல்லவில்லை. இருநூறு பேர் அல்லேலூயா என்றார்கள். அந்த வெட்கம் என்னுடையது. பாஸ்டர் மேல் போட மாட்டேன்.

அடுத்து அவர் பேசினார். அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். கார்ட்டூமில் ஏழு இருபது என்றால் பெங்களூரில் பத்து ஐம்பது. சரியாக அந்த நேரத்தில் சபை எனக்காக முழங்காலில் நின்றதாம். அங்கே நானும் முழங்காலில் நின்றேனாம். குண்டு தலைக்கு மேலே போனதாம். பார்த்தீர்களா முழங்கால் ஜெபத்தின் வல்லமையை என்றார். மறுநாள் சபையின் வாட்சப் குழுவில் என் போட்டோ. மேலே எழுத்து: "முழங்காலில் நின்றவள் பிழைத்தாள்." கீழே ஒரு வசனம். பக்கத்தில் எத்தனை பேர் விழுந்தாலும் உனக்கு ஒன்றும் வராது என்கிற வசனம்.

பக்கத்தில் விழுந்தவளுக்கு ஒரு பெயர் இருந்தது ஐயா. வெங்காயக் கை இருந்தது. என்னைவிட அதிகம் ஜெபித்தவள் அவள். கர்த்தர் முட்டியைப் பார்த்தா ஆள் எடுக்கிறார்? உயரம் பார்த்தா? நின்றால் சாவு, மடங்கினால் உயிர் என்றால் அது துப்பாக்கியின் கணக்கு. அதைக் கர்த்தரின் தலையில் கட்டினால் எனக்கு வயிறு எரிகிறது.

அதன் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. முட்டியை மடக்கினாலே சுவர் ஓட்டைகள் தெரிந்தன. ஒருநாள் மாலை நாலு பத்துக்கு எதிர்க் கடையின் ஷட்டரை இறக்கினார்கள். அதே தகரச் சத்தம் கேட்டு நான் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பதுங்கிக் கிடந்தேன். கர்த்தர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. இல்லாதவர் மேல் இவ்வளவு கோபம் எப்படி வரும்?

ஆகஸ்டில் டிகிஸ்டின் தம்பி போன் செய்தான். எத்தியோப்பியாவில் கோண்டார் பக்கம் ஒரு ஊர். எப்படியோ என் நம்பரைக் கண்டுபிடித்திருக்கிறான். இங்கிலீஷ் தடுமாறியது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். அக்கா கடைசியில் நின்றுகொண்டிருந்தாளா? ஆமாம் என்றேன். அவன் பெருமூச்சு விட்டான். அப்படியென்றால் ஜெபத்தில்தான் போயிருக்கிறாள், அம்மாவிடம் சொல்கிறேன், நன்றி என்றான். வைத்துவிட்டான். நான் கத்தியதை அவனிடம் சொல்லவில்லை. அந்த ஆறுதலைப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணி சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "எஸ்தரு, உள்ளயே போட்டுக் குமுறாதடி. யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லிடு" என்றாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு. சாட்சி நேரம். பாஸ்டர் என்னைக் கூப்பிடவில்லை. நானே போனேன். மைக்கை எடுத்தேன். போன தடவை நான் சொன்னது பாதி என்றேன். டிகிஸ்ட் என்று பெயரைச் சொன்னேன். ஐம்பத்தைந்து நாளைச் சொன்னேன். கோழியைச் சொன்னேன். நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று சொன்னேன். அவளுக்குத் தெரிந்த நாலு சொல்லையும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"மைக்க ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க!" பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

மைக் செத்தது. வார்டில் கத்திக் கத்தி வளர்ந்த குரல் எனக்கு. மைக் இல்லாமலே சொன்னேன். என் முழங்கால் என்னைக் காப்பாற்றவில்லை. என் ஜெபமும் காப்பாற்றவில்லை. கர்த்தர் ஏன் என்னை விட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாக யாராவது என் பெயரில் சொன்னால் இதே இடத்தில் வந்து நிற்பேன். சாட்சி முடிந்தது. ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

பாஸ்டர் முகம் வெளுத்திருந்தது. வேறு என்ன செய்வார், வழக்கமானதைச் சொன்னார்.

"எல்லாரும் முழங்காலில் நிற்போம்."

எல்லோரும் மடங்கினார்கள். பெஞ்சுகள் கிரீச்சிட்டன. நான் நின்றேன். என் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஜன்னல் வலது பக்கம் இருந்தது. அதைப் பார்த்துத் திரும்பினேன். தலைக்கு மேல் ஏதோ வரப்போகிறது என்று உடம்பு சொன்னது. நின்றேன். "எக்சியோ" என்றேன். நாலு மாதத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் ஜெபம். அடுத்து கர்த்தரைத் திட்டினேன். நீர் எங்கே இருந்தீர் என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். பக்கத்தில் பெஞ்சு கிரீச்சிட்டது. மூட்டு வலிக்காரி அண்ணி, என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

இன்றுவரை நின்றுதான் ஜெபிக்கிறேன். தினமும் காலையில், சமையலறை ஜன்னலைப் பார்த்து. தினமும் அதே கேள்வி. பாஸ்டர் அந்தப் போட்டோவை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை.

இழந்ததை எழுதி முடிக்கிறேன்.

டிகிஸ்ட், வயது இருபத்தொன்பது. அவள் சாப்பிடாத ஒரு கோழி. ஐம்பத்தைந்து நாள். ஒரு வெள்ளைத் துப்பட்டா, மண்ணுக்குள். அந்தத் தோட்டத்தில் அவளுக்குப் பக்கத்தில் அதே வாரம் புதைத்த மூன்று பேர். அவர்கள் பெயரைக் கேட்டு வைக்காமல் வந்துவிட்டேன். அதை யாரும் மன்னிக்க வேண்டாம். ஜெபத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போகவில்லை.

கடைசியாக ஒரு சொல். அதை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. பஸ் வருகிறது என்று அண்ணி முன்னால் விறுவிறுவென்று நடந்தால், கூப்பிடாமல் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.