முப்பது போக மிச்சம்

அலாரம் ஐந்தரைக்கு அடித்தது. அவன் அதற்கு முன்பே விழித்திருந்தான். பல் தேய்த்தான். இரண்டு பேருக்கான பாத்திரத்தில் ஒருவருக்கான காப்பி போட்டான். பால் அடிப்பிடித்தது. அதையே குடித்தான். ஏழு மணிக்கு வானிலை நிலையத்துக்கு வந்து, புல்தரையில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தான். இருபத்தாறு புள்ளி நான்கு. மழைமானியில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதினான்.

இரவுப் பணி பார்த்த சக ஊழியருக்கு நிலையத்தில் 'பாரோமீட்டர்' என்று பெயர். மழைக்கு முந்தின நாளே அவர் முகம் இறங்கிவிடும். அன்றைய எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுப் போயிருந்தார்: பிற்பகல் இடிமழை, சூறைக்காற்று, வாய்ப்பு 30.

பொதுமக்கள் அழைக்கும் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு உண்டு. நேரம், கேட்டது, சொன்னது, குறிப்பு என்று நான்கு கட்டங்கள். குறிப்பில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. நிலையத்தில் ஒரு வழக்கமும் உண்டு. கேட்பவரிடம் எண்ணை மட்டும்தான் சொல்ல வேண்டும். போங்கள், போகாதீர்கள் என்று வாய்தவறியும் சொல்லக் கூடாது.

ஏழு ஐம்பதுக்கு மணி அடித்தது. பேனாவை எடுத்துக்கொண்டான்.

"ஹலோ, வானிலை நிலையம்... ஹலோ?... அண்ணியா? என்ன அண்ணி, ஆபீஸ் நம்பருக்கு... என் செல்லு ஆன்லதானே இருக்கு...

"ஆமா... ஆமா, சொல்லுங்க... பாப்பா எழுந்துட்டாளா?... ஓ. ஷூ வரைக்கும் மாட்டிட்டாளா... ஏரிக்கு ஸ்கூல் டூர்தானே, தெரியும்... நேத்தே சொன்னேனே அண்ணி, அனுப்ப வேணாம்னு. இடிமழை எண்பது சதவீதம்...

"யார் சொன்னது?...

"காலைல ஆறு மணிக்கா... இதே நம்பருக்கா..."

அவன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். பிறகு நோட்டைப் பார்த்தான். பாரோமீட்டரின் கோழிக் கிறுக்கலில் இருந்தது: 6.05, பெண் குரல், மழை வாய்ப்பு, 30.

அண்ணி அவன் மனைவியின் அக்கா. மனைவி இறந்து ஏழு மாதமாகிறது. அன்றிலிருந்து ஏழு வயது மகள் பெரியம்மா வீட்டில்தான் வளர்கிறாள்.

"இல்ல அண்ணி, அவர் சரியாத்தான் சொல்லிருக்காரு... முப்பதுதான்... ஆமா. நான்தான் கூட்டிச் சொன்னேன்...

"போன மாசமா? அவ ஃப்ரெண்டு பிறந்தநாளு... அதுவும்தான். அன்னிக்கு இருபது... விளையாட்டு விழாவுக்குப் பதினஞ்சு... ஆமா, வெயில் மண்டையைப் பிளந்துச்சு. நானும் இங்கதானே இருந்தேன்... ஆமா, ஜன்னல்லயே உக்காந்திருந்தா. சொன்னீங்க...

"திட்டுங்க. பரவால்ல...

"என்ன சொல்றா?... 'அப்பா மழைன்னா வெயிலு'ன்னா?... வகுப்புல எல்லாருமா... சரி. சொல்லட்டும்."

ஊருக்கெல்லாம் அவன் உள்ள எண்ணைத்தான் சொன்னான். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் ஏழு மாதமாக அதை ஊதிப் பெருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான். வெட்கமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. வெட்கம் வரவில்லை. பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான்.

"பஸ் எத்தனை மணிக்கு?... எட்டரையா... பூட்டின கேட்டையா பிடிச்சுக்கிட்டு நிக்கறா? பையோடவா... உள்ள கூப்பிடுங்களேன்... வர மாட்டாளா... அவ அம்மா மாதிரிதான்...

"முப்பதுன்னா... இதே மாதிரி பத்து நாள் வந்தா, மூணு நாள் அடிக்கும்... எந்த மூணுன்னு தெரியாது அண்ணி. தெரியாததாலதான் முப்பதுங்கறோம்... ஆமா, சம்பளம் வாங்கறேன்தான். வாங்கியும் தெரியாது...

"அனுப்பவா வேணாமான்னு கேட்டா... அதை இங்க சொல்லக் கூடாது... ரூல்னு இல்ல, வழக்கம்... ஆமா. அவகிட்டயும் அப்படித்தான்."



மனைவியும் எப்போதும் இந்த நம்பருக்குத்தான் அடிப்பாள். யாரோ போல, 'சார், என் வீட்டுக்காரர் இன்னிக்கு நேரத்தோட வீடு திரும்ப வாய்ப்பு எத்தனை சதவீதம்?' என்பாள். எதிர் மேசையில் அதிகாரி உட்கார்ந்திருப்பார். அவன் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், 'பத்து, மேடம்' என்பான். கடைசி நாளன்றும் அடித்தாள்; பழுது பார்க்கக் கொடுத்திருந்த கைக்கடிகாரத்தை வாங்கப் போக வேண்டும், இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டாள். முப்பது என்று மட்டும் சொன்னான். நாலே முக்காலுக்குத் தண்ணீர்த் தொட்டிச் சாலையில், சூறைக்காற்றில் ஒரு மரம் அவள் ஸ்கூட்டரின் மேல் சாய்ந்தது.

"இருக்கேன் அண்ணி... லைன்லதான் இருக்கேன்...

"அது எதுக்கு இப்ப... ஆமா, ஆஸ்பத்திரி வராந்தாவுல கேட்டீங்க. அவ கடைசியா என்ன சொன்னான்னு... 'பாப்பாவைப் பாத்துக்கோங்க'ன்னு சொன்னான்னு சொன்னேன்...

"ஆமா. அவ அப்படிப் பேசற ஆள் இல்ல... கூடப் பிறந்தவங்களுக்குத் தெரியாதா... அன்னிக்கே தெரியுமா?... தெரிஞ்சுமா கேக்காம இருந்தீங்க...

"பொய்தான் அண்ணி. சுத்தி நின்னு எல்லாரும் கேட்டாங்க. ஏதாவது சொல்லணும்ல. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். அப்புறம் எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாங்க. மாத்த முடியல...

"இல்ல, அழல... நீங்க?... சரி.

"பாப்பாவும் அதைக் கேட்டுக்கிட்டேதான் இருக்காளா?... சரி. நிஜமா என்ன சொன்னான்னு சொல்றேன்."

அவன் சொன்னான். குரலை மாற்றாமல், பலகையில் இருப்பதைப் படிப்பதுபோலச் சொன்னான். பத்து நொடிகூட ஆகவில்லை.

"அண்ணி?... அண்ணி, சிரிக்கறீங்களா?...

"ஆமா... அதேதான்... ஆமா, அவதான்... சின்ன வயசுலயே அப்படியா... கேக்கைப் பிரிச்சாலுமா... ம்... ம்..."

அவளுடைய அக்கா சிரித்து அவன் கேட்டு ஏழு மாதமாகியிருந்தது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐந்து.

"அண்ணி... அனுப்புங்க.

"ஆமா... முப்பதுதான். கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல... தெரிஞ்சுதான் சொல்றேன்... இல்ல, மனசெல்லாம் ஒண்ணும் மாறல. பயம் அப்படியேதான் இருக்கு. அனுப்புங்க.

"ஒண்ணு மட்டும். டீச்சருக்கு நான் போன் பண்றேன். வானம் கறுத்தா எத்தனை மணியானாலும் சரி, எல்லாப் புள்ளைங்களும் பஸ்ஸுக்குள்ள ஏறிடணும். மரத்தடியில நிக்கவே கூடாது... மரத்தடியில மட்டும்... ஆமா... ரேடார் முன்னாடிதான் உக்காந்திருப்பேன். இங்கேருந்து அசைய மாட்டேன்... சாப்பிடறேன், சாப்பிடறேன்... குடுங்க அவகிட்ட.

"ஹலோ... அப்பாதான்... போலாம்... நிஜமா... எத்தனையா? முப்பது... பொய் இல்லடா, பலகையில எழுதிருக்கு... ரெயின்கோட்டு பையில வச்சுக்கோ... மீன் இருக்குமான்னு எனக்கு எப்படித் தெரியும், அது வேற ஆபீஸ்... ம்... அப்புறம், டீச்சர் பஸ்ஸுல ஏறச் சொன்னா உடனே... ஹலோ? ஹலோ?"

ரிசீவரைத் தொப்பென்று எங்கோ போட்டுவிட்டு ஓடும் ஷூச் சத்தம். பூட்டுத் திறக்கும் சத்தம். யாரோ ரிசீவரை எடுத்து வைத்தார்கள். லைன் போய்விட்டது.

அவன் முதலில் டீச்சரை அழைத்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னான். பிறகு நோட்டைத் திறந்தான். நேரம்: 7.50. கேட்டது: மழை வாய்ப்பு. சொன்னது: 30. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதே கட்டத்தில் 'அனுப்புங்கள்' என்று சேர்த்தான். அதிகாரி பார்த்தால் கேட்பார். கேட்கட்டும்.

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினான். ஏழு மாதம். தேட வேண்டியிருக்கவில்லை. அவன் கையெழுத்துதான். 2.10, பெண் குரல், மழை வாய்ப்பு, 30. குறிப்பு என்ற கட்டம் வெள்ளையாக இருந்தது. அதில் பொடி எழுத்தில், அவள் கடைசியாகச் சொன்னபடியே எழுதினான்.

'முப்பது மழைக்குன்னா மிச்சம் எழுபது எனக்குத்தானே சார்? வச்சிடறேன், வேற யாராவது லைனுக்குக் காத்துகிட்டிருப்பாங்க.'