ஆறாவது கொக்கி

மடக்குக் கூரை வண்டியில் கூரை ஏறவில்லை என்று யாராவது கூப்பிட்டால், பத்தில் ஏழு முறை ஏதாவது ஒரு கொக்கியைக் கழற்ற மறந்திருப்பார்கள். அதை முகத்துக்கு நேரே சொன்னால் வெட்கப்படுவார்கள். அதனால் நான் பாட்டரியைத் தொட்டுப் பார்ப்பேன், ஒயரை இழுத்துப் பார்ப்பேன், அப்படியே நடக்கிற வாக்கில் கொக்கியைத் தட்டிவிடுவேன். கூரை ஏறிவிடும். "என்னவோ லூசா இருந்துச்சு" என்பேன். யார் மனமும் நோகாது.

போலீஸ் டெபுடி ஐயா, என் வாக்குமூலத்தைப் படிக்கப்போகும் நீதிபதி நகரத்துக்காரர், இந்த வண்டிகளைப் பார்த்திருக்க மாட்டார் என்றீர்கள். அவருக்காக எழுதுகிறேன். பிக்கப் லாரியின் முதுகில் உட்காரும் சின்ன வீடு இது. ஓடும்போது கூரை படுத்திருக்கும். நின்றதும் சுவிட்சை அழுத்தினால் நான்கு மூலையும் சேர்ந்து மேலே போகும், நடுவில் கித்தான் சுவர் விரியும். கூரையைக் காற்று தூக்காமலிருக்க வெளியில் ஆறு கொக்கிகள். டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் படுக்கை. கூரை இறங்கியிருந்தால் மெத்தைக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்தான் இருக்கும்.

மோட்டார் திணறினால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் அந்த மெத்தைமேல் ஊர்ந்துபோய், குப்புறக் கிடந்து முதுகால் கூரையை முட்டுவான். வெளியே நிற்பவன் கொக்கிகளை எண்ணி, "ஆறு" என்று உரக்கச் சொல்லிவிட்டு சுவிட்சை அழுத்துவான். உள்ளே இருப்பவனுக்கு வெளியே எதுவும் தெரியாது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் முதுகைக் கொடுப்பான்.

வெர்லின் ஸ்டோக்ஸும் நானும் பதினொரு வருடம் கூட்டாக வேலை பார்த்தோம். அவன் வேகக்காரன். மீட்டரை எடுப்பதற்குள் "சீக்கிரம்டா ஓரின்" என்பான். ஒரு வேலையையும் என்னால் முறைப்படி செய்ய முடிந்ததில்லை. மூன்று வருடம் முன்பு ஒரு வண்டியின் பின்மூலையில் சிக்கிய கம்பிவடத்தை எடுக்கக் கையை விட்டிருந்தேன். கூரை இறங்கியது. இடது கையில் இரண்டு விரல் போயிற்று. நானேதான் முழங்கையால் சுவிட்சை அழுத்திவிட்டேன் என்று வெர்லின் சொன்னான். வலியில் எனக்கு எதுவும் நினைவில்லை. அவன் சொன்னதையே ஆஸ்பத்திரியிலும் சொன்னேன்.

பிறகு அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. குளிர்காலம் முழுக்க, வண்டியோடு பாலைவனத்துக்கு வந்து தங்குபவர்களின் முகாமுக்கு முகாம் போய், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் என் கையைத் தூக்கிக் காட்டுவான். "பாத்துக்கங்க, தானே பொறி வச்சு தானே மாட்டுன எலி." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

மே இருபத்திரண்டாம் தேதி எங்களைக் கூப்பிட்டது மேக்சின் எபர்சோல் டீச்சர். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் வடக்கே போய்விட்டார்கள். முகாமில் மிச்சமிருந்தது அவருடைய வண்டி ஒன்றுதான். காலை ஒன்பதரைக்கே நூற்று நான்கு டிகிரி.

"கொக்கியெல்லாம் கழட்டிட்டேன். சுவிட்ச அழுத்துனா முனகுது, ஏற மாட்டேங்குது" என்றார் டீச்சர்.

"நாங்க எண்ணிப் பாத்துக்குறோம் டீச்சர். ஆனா இவன எண்ண விடாதீங்க, இவன் கைக்கு எட்டோட கணக்கு முடிஞ்சிரும்" என்றான் வெர்லின்.

டீச்சர் மரியாதைக்குச் சிரித்தார். என் கையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷி.

நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இடப்பக்கம் ஒரு முள்மரத்தை ஒட்டி நின்றிருந்தது. முன்மூலைக் கொக்கி கிளைக்குப் பின்னால் மாட்டியபடியே இருந்தது. டீச்சர் கிளைக்குள் கை விடப் பயந்து, பிறகு மறந்திருப்பார். அவர் பக்கத்திலேயே நின்றதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகவே சொல்ல மாட்டேன்.

அதற்குள் வெர்லின் சட்டையைக் கழற்றிவிட்டான். "மோட்டாருக்கு வயசாயிருச்சு. நான் உள்ள போயி முட்டுறேன். மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள்ள இருக்கணும், சீக்கிரம்." போனைச் சார்ஜ் ஏற எங்கள் வேனில் வைத்தான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெத்தைமேல் ஊர்ந்தான். பெரிய உடம்பு.

டீச்சரை நான்தான் டவுனுக்கு அனுப்பினேன். எங்கள் வேன் சாவியையே கொடுத்தேன். "மூணு மணி நேரம் ஆகும் டீச்சர். இந்த வெயில்ல நிக்காதீங்க." இதை நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். அவர் உடம்புக்காகத்தான் சொன்னேன் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

வேன் போட்ட புழுதி அடங்கியதும் "ஆறு" என்று சொல்லி சுவிட்சை அழுத்தினேன்.

மற்ற மூலைகள் ஒரு சாண் ஏறின. கிடைத்த இடைவெளியில் வெர்லின் முட்டியை வயிற்றுக்கடியில் மடக்கி முட்டுக் கொடுத்தான். மோட்டார் நின்றது. கூரை திரும்ப இறங்கி அவன் முதுகில் உட்கார்ந்துவிட்டது. மடக்கிய காலை அவனால் நீட்ட முடியவில்லை.

"டேய், என்னடா ஆச்சு?"

"பாக்குறேன் வெர்லின்."

"கொக்கி எல்லாம் கழண்டிருக்கா?"

"ஆறுன்னு சொன்னேன்ல."

"உன் கணக்குல ஆறா, ஊரு கணக்குல ஆறா?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அப்போது அவனுக்குச் சிரிக்க முடிந்தது.

நான் முறைப்படி ஆரம்பித்தேன். முதலில் பாட்டரி. மீட்டர் பன்னிரண்டரை வோல்ட் காட்டியது, குறையில்லை. இருந்தாலும் இரண்டு முனையையும் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டினேன். பிறகு பியூஸ்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூரை அலுமினியத் தகடு. கை வைத்துப் பார்த்தேன், வைக்க முடியவில்லை.

"சீக்கிரம்டா ஓரின். அடுப்புல கெடக்குற மாதிரி இருக்கு."

தண்ணீர் கேட்டான். பின்கதவு வழியாக ஒரு பாட்டிலை உள்ளே வைத்தேன். அவன் கைக்கு எட்டவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது, சுவிட்ச். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படுக்கைக்கு நேர்கீழே வந்து நின்றேன். "வெர்லின், அன்னைக்கு இத அழுத்துனது யாரு?"

"இப்ப எதுக்குடா அது? கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? மொதல்ல என்னை வெளிய எடுடா."

நான் சுவிட்சைத் திரும்ப மாட்டிவிட்டு, ஒயரை ஒட்டி எர்த் முனைவரை தடவிக்கொண்டு போனேன். அது நான்காவது சோதனை. முக்கால் மணி நேரம் கழித்து அவனாகவே கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது.

"ஓரின்... நான்தான்டா. பசியில இருந்தேன், சீக்கிரம் முடிச்சுட்டுச் சாப்பிடப் போலாம்னு அழுத்திட்டேன். உன் கை உள்ள இருந்தது தெரியாது. அப்புறம் சொல்ல வாய் வரல. ஒவ்வொரு தடவ அந்தக் கதையச் சொல்றப்பவும், நீ சிரிக்கிறியான்னுதான் பாப்பேன். நீ சிரிச்சா நிம்மதியா இருக்கும்."

"சரி வெர்லின்" என்றேன்.

மணி பதினொன்று இருபது. நான் நின்ற இடத்திலிருந்து முள்மரம் ஏழடி.

மோட்டார் மூடியைக் கழற்றினேன். பல்சக்கரத்தில் பழைய கிரீஸைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டேன். கம்பிவடம் ஓடும் உருளைகளைத் துடைத்தேன். அவன் கூப்பிட்டபோதெல்லாம் "இங்கதான் இருக்கேன்" என்றேன். ஒருமுறைகூடப் பதில் சொல்லாமல் விடவில்லை. அவன் தங்கை பெயரைச் சொன்னான். யாரோ நாயை உள்ளே விட்டுவிட்டார்கள், வெளியே விடு என்றான். "விட்டுட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை. நான்தான் இன்னும் இரண்டு முறை "இங்கதான் இருக்கேன்" என்றேன்.

ஒரு மணிக்குக் கிளையை ஒதுக்கிக் கொக்கியைக் கழற்றினேன். சுவிட்சை அழுத்தினேன். கூரை நாலு மூலையும் சமமாக, முனகாமல் ஏறியது. அந்தப் பாட்டிலைத் திறந்து அவன் வாயில் ஊற்றினேன். அது கொதிநீராக இருந்தது, கன்னத்தில் வழிந்தது.

முதல் நாள் உங்களிடம் கொக்கியைக் கவனிக்கவில்லை என்றேன். நேற்று, உண்மையை அவன் வாயிலிருந்து வரவழைக்கத்தான் அப்படிச் செய்தேன் என்றேன். இரண்டாவதை நீங்கள் நம்பியது முகத்தில் தெரிந்தது. என் கையைப் பார்த்தீர்கள். நானும் அதை நம்பித்தான் ராத்திரி தூங்கினேன். காலையில் இதை வரிசையாக எழுத உட்கார்ந்தபோதுதான் மணிக்கணக்கு இடித்தது. அவன் உண்மையைச் சொன்னது பதினொன்று இருபதுக்கு. கடைசியாகப் பேசியது பன்னிரண்டே காலுக்கு. நடுவில் ஐம்பத்தைந்து நிமிடம் நான் அந்த மோட்டாரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை.